கல்மாடன் மேல் ஒரு கோடு

தென்காசியில் இறங்கி வாயைத் திறந்ததுமே என்னை மலையாளியாக்கிவிட்டார்கள். பேருந்து நிலைய வாசலில் ஓர் ஆட்டோக்காரரிடம், "இலத்தூர்ப் பக்கம் போகவேணும், வருவீங்களோ?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேட்டா, மலைக்குப் போறியளா? அருவியில ஒரு குளியலப் போட்டுட்டுப் போலாம்லா?" என்றார்.

நான் மன்னார்க்காரன், இலங்கை, பேசுவது தமிழ்தான் என்று விளக்கினேன். "ஓ, சிலோனா! அதான் இழுத்து இழுத்துப் பேசுதிய" என்று சமாதானமானார். ஆனாலும் வண்டி குற்றாலத்துக்குத்தான் போனது. கார்த்திகை மாதத்தில் ஒரு வெளியூர்க்காரன் இங்கே வந்து, அருவிக்குப் போகாமல் ஒரு குளத்தைப் பார்க்கப் போகிறான் என்பதை அவரால் கடைசிவரை நம்ப முடியவில்லை.

பேரருவியில் குளிக்கத் தடை. தண்ணீர் செம்மண் நிறத்தில் பாதுகாப்பு வளைவை மூடிக்கொண்டு விழுந்தது. கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்களும், உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்ட மற்றவர்களும் மழையில் வரிசையாக நின்றார்கள். ஒரு காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார்: "எண்ணெயத் தேச்சிட்டு வந்து நின்னா தண்ணி கொறைஞ்சிருமா? போங்க சாமி!"

"சார், ஓரமா நின்னு தலைய மட்டும் நனைச்சுக்கிடுதோம்."

"பொறவு தலை மட்டும்தான் கெடைக்கும்."

எங்கள் மன்னாரில் மலை கிடையாது. தண்ணீர் விழாது, ஊர்ந்து வந்து குளத்தில் படுத்துக்கொள்ளும். அதனால் இந்த இரைச்சல் எனக்குப் புதிது. கொஞ்ச நேரம் பார்த்தேன். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அவசரம், இதில் எந்த ஆண்டின் வெள்ளத்தை யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள் என்று தோன்றியது. வந்த காரியம் அது என்பதால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

ஆட்டோக்காரரின் பரிந்துரையில் செங்கோட்டைச் சாலைக் கடை ஒன்றில் புரோட்டா சாப்பிட்டோம். எங்கள் ஊரில் ரொட்டியைத் தகரத்தில் போட்டுத் தெருவே அதிரக் கொத்துவார்கள். இங்கே சத்தமில்லாமல் கையால் பிய்த்துப் போட்டு, சால்னாவில் மூழ்கடித்து, சில நிமிடம் ஊறவிட்டு, பிறகே தொடுகிறார்கள். மிளகு தூக்கலான நாட்டுக்கோழி தனியாக வந்தது. அந்தப் பயணத்தில் காத்திருந்து பலன் கண்ட ஒரே விஷயம் அந்தப் புரோட்டாதான்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மழை அளக்கும் பைத்தியம் பிடித்தவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சண்முகவேலும் நானும் சில ஆண்டுகளாக இருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற தபால்காரன். தேதி இல்லாத எதையும் நம்பாதவன். அவர் ராணுவப் பொறியாளர் பிரிவில் சுபேதாராக இருந்தவர். அவர்கள் கட்டுகிற இரும்புப் பாலங்களை, படை கடந்ததும் அவர்களே கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். வாழ்நாளெல்லாம் கழற்றுகிற பாலங்களைக் கட்டியவருக்கு, கழற்ற முடியாத ஒன்றை நட்டுவிட வேண்டும் என்ற ஆசை வந்தது.

இலத்தூருக்கு அப்பால் தன் சிற்றூரின் குளத்தில், கரையின் உட்சரிவில், எட்டுப் பட்டைக் கருங்கல் தூண் ஒன்றை நட்டார். ஆளுயரத்துக்கு மேல் வெளியே. அதைவிட அதிகம் மண்ணுக்குள்ளே. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தண்ணீர் எட்டிய உச்ச மட்டத்தில் உளியால் ஒரு கோடு வெட்ட வேண்டும். ஒரு தலைமுறைக்கு ஒரு பட்டை. எட்டும் நிறைந்துவிட்டால்?

"அடுத்த தூணை அவனுவ நடட்டும். அந்த நெனப்பு வரணும்னுதானே இது" என்று தொலைபேசியில் சொன்னார்.

அவரே இரண்டு கோடுகள் வெட்டிவிட்டார். கோட்டின் பக்கத்தில் எந்த ஆண்டைப் பொறிப்பது என்பதில் எங்களுக்குச் சண்டை. அவருக்குக் கொல்லம் ஆண்டு வேண்டும். அந்தப் பக்கத்துப் பழைய கற்களில் அதுதான் இருக்கிறது. எனக்கு ஆங்கில ஆண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சிப் பெயர் வேண்டாம் என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை. அது அறுபது ஆண்டுக்கொரு முறை பொய் சொல்லும். "நேர்ல வாங்க, கல்லு முன்னால நின்னு முடிவு பண்ணுவோம்" என்று கூப்பிட்டிருந்தார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி கோமதி அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. புனேயில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார்கள். கார்த்திகை முடிவதற்குள் வீட்டைக் காலி செய்கிறார்கள்.

வியாழக்கிழமை இரவு அவர் வீட்டில் எனக்குச் சொதி கிடைத்தது. எங்கள் வீடுகளில் சொதி என்பது இடியப்பத்தின் மேல் ஊற்றும் மஞ்சள் தண்ணீர். தினமும் இருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். இவர்களுடைய சொதி கெட்டியான தேங்காய்ப்பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் மிதக்கும் விருந்து. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். "கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிறது. ஊர விட்டுப் போறதுக்கும் வைக்கலாம்னு வச்சேன்" என்றார் கோமதி அக்கா. அவருக்கு உப்புக் கட்டுப்பாடு. எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தனியாக எதையோ சாப்பிட்டார்.

சாப்பிடும்போது சண்முகவேல் அண்ணாச்சி சொன்னார்: "இந்த வருசக் கோடு வேற ஒருத்தர் கையால விழணும். நானே மூணாவதும் வெட்டுனா அது என் கிறுக்கு. இன்னொருத்தன் வெட்டிட்டா அது ஊர் வழக்கம்."

"யாராவது சம்மதிச்சினமோ?"

"பாப்போம்" என்றார். கோமதி அக்கா அவரைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது.

வெள்ளிக்கிழமை அடைமழை. குளத்துக்குப் போக வேண்டாம், கோயிலுக்குப் போவோம் என்று தென்காசிக்கு அழைத்துப் போனார். போகிற வழியில் பேருந்து வாய்க்கால் வெள்ளத்தில் நின்றுவிட்டது. நடத்துனர் இறங்கித் தள்ளச் சொன்னார். கோயிலுக்கு என்று வெள்ளை வேட்டி கட்டி வந்த ஒருவர், "தள்ளுததுக்குத் தனி டிக்கெட் உண்டுமாவே?" என்று கேட்டுக்கொண்டே தள்ளினார்.

கோபுர வாசலில் காற்று முதுகில் கைவைத்து உள்ளே தள்ளியது. அந்த வாசலில் எப்போதும் அப்படித்தானாம். அண்ணாச்சி அண்ணாந்து கோபுரத்தைக் காட்டினார். "நான் சின்னப் பிள்ளையில பாக்கும்போது இது மொட்டையாத்தான் நின்னுது. இடி விழுந்து பொளந்ததுன்னு சொல்லுவாவ. எங்க அப்பா, அவரு அப்பா, எல்லாரும் மொட்டையாத்தான் பாத்திருக்காவ. நான் பட்டாளத்துல இருக்கும்போதுதான் மேல எழும்புச்சு."

இந்தக் கோயிலைக் கட்டிய பாண்டிய மன்னர் ஒரு வேண்டுகோளைக் கல்லில் விட்டுப்போயிருக்கிறார்: பின்னாளில் இதற்குக் குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை நான் வணங்கிக்கொள்கிறேன் என்று. நான் அறிந்தவரையில், பிறக்காதவர்களை வணங்கிய அரசர் இவர் ஒருவர்தான்.

"ராசாவே கால்ல விழுதாரு பாத்தியளா? வரப்போறவன் கால்ல. அத வாசிச்சிட்டுத்தான் எனக்குத் தூண் நடுத கிறுக்கு புடிச்சுது."

நான் வாசித்தவற்றை அவருக்குச் சொன்னேன். அமெரிக்காவில் ஒரு மலையைக் குடைந்து, பத்தாயிரம் ஆண்டு ஓடுவதற்கென்று கடிகாரம் ஒன்றைச் செய்கிறார்கள். ஜப்பானியக் கடலோரத்தில் 'இதற்குக் கீழே வீடு கட்டாதே' என்று பழைய கற்கள் நிற்கின்றன. பல இடங்களில் கற்களுக்குக் கீழே வீடு கட்டினார்கள். எகிப்தில் நைல் நதியின் உயரத்தைத் தூணில் கோடு போட்டு அளந்தார்கள். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டார்: "இப்ப அத யாரு பாத்துக்கிடுதா?"

காற்று மறைவுக்காகச் சுவரோரம் ஒதுங்கி நின்று ஒருவர், "ஹலோ, கேக்குதா? ஹலோ?" என்று செல்போனில் கத்திக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மழை விட்டது. குளம் நிரம்பி மறுகால் பாய்கிறது என்று காலையிலேயே செய்தி வந்தது. உபரித் தண்ணீர் வழிந்துவிட்டால் மட்டம் அதற்கு மேல் ஏறாது. கோடு வெட்ட அதுதான் நாள். அண்ணாச்சி உளியையும் சுத்தியலையும் ஒரு பட்டாளத்துப் பையில் போட்டுக்கொண்டார். கரைமேல் நடக்கும்போது பாதி வழியில் நின்று, "ஒங்ககிட்ட போன்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார்.

தூணைப் பார்த்தேன். அதன் மேல் தகரக் கூரை. தூணுக்குச் சிவப்புப் பட்டு, எலுமிச்சை மாலை, மஞ்சள் பூச்சு, மேலே உருட்டி வைத்த இரண்டு கண்கள். கரையில், தூணுக்கு இறங்கும் படிக்குப் பக்கத்தில், ஒரு பெரிய அரிவாள் குத்தி நின்றது. மணி ஒன்று தொங்கியது. எண்ணெய் வழிந்து வழிந்து எட்டுப் பட்டையும் ஒரே கறுப்பாகியிருந்தது.

திருநெல்வேலிச் சீமையில் சுடலைமாடன் பீடத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்தச் சாமிக்கு முகமோ கையோ வேண்டாம். நட்டுவைத்த தூண் போதும். குளத்தங்கரையில் தனியாக ஒரு கல்லை நட்ட பொறியாளர், அடித்தளம், பாறையின் வயது, வெள்ளத்தின் வேகம் எல்லாவற்றையும் யோசித்தார். தன் ஊர்க்காரர்களின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

கல் சாமியானதற்குக் காரணமும் அங்கேயே இருந்தது. அவன் பெயர் இசக்கி, முப்பது வயதிருக்கும். புரட்டாசியில் கார் நெல் அறுப்பு முடிந்து வைக்கோல் ஏற்றிய டிராக்டரை ஓட்டிவந்தபோது, சேறு வழுக்கி வண்டி குளத்துப் பக்கம் சரிந்தது. தூணில் போய் முட்டி நின்றது. தூண் அசையவில்லை. இசக்கி பிழைத்தான். அவன் அம்மா பேச்சியம்மாள் அன்று மாலையே கல்லுக்கு மஞ்சள் பூசினார். அடுத்த செவ்வாய்க்கிழமை பொங்கல். ஐப்பசிக்குள் அதற்குக் கல்மாடன் என்று பெயர் விழுந்துவிட்டது.

கரையில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். பேச்சியம்மாள் கூரைக்கு அடியில் நின்றார். அண்ணாச்சி பையைத் திறந்து உளியை எடுத்தார்.

"அண்ணாச்சி, அத உள்ள வைங்க" என்றார் பேச்சியம்மாள்.

"ஏ பேச்சி, இது தண்ணி அளக்குத கல்லு. நான் நட்டது."

"நீங்கதான் நட்டிய. யாரு இல்லன்னா? பெத்தவதான் பிள்ளைக்குப் பேரு வைக்கா. அந்தப் பிள்ள சாமியா நின்னுட்டா, பெத்தவளும் கும்புடத்தானே வேணும்?"

"வருசத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான் கேக்கேன்."

"எம்பிள்ளயத் தாங்குன கல்லு அண்ணாச்சி. அதுல உளிய வச்சா எம் மார்ல வச்ச மாதிரி."

அண்ணாச்சி உளியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். படித்தவன் சும்மா இருப்பானா? நான் முன்னால் வந்து நைல் தூணைப் பற்றிச் சொன்னேன். கோட்டைப் பார்த்து அந்த ஆண்டு விளைச்சல் எப்படியிருக்கும் என்று கணித்தார்கள், வரி போட்டார்கள் என்றெல்லாம் விளக்கினேன். கவனமாகக் கேட்டார்கள். மடையைத் திறந்து மூடி வயல்களுக்கு முறைத்தண்ணீர் விடுகிற முத்தையா கேட்டார்: "அந்த ஆத்துக்காரனுவ இப்பமும் கோடு பாக்கானுவளா?"

இல்லை, அணை கட்டிய பிறகு அதற்கு வேலை இல்லை, இப்போது சுற்றுலாப் பயணிகள் பார்க்கிறார்கள் என்றேன்.

"பாத்தியளா! கோடு போட்ட கல்லு வேடிக்கையாப் போச்சு. மஞ்ச பூசுன கல்லு எங்கயாச்சும் வேடிக்கையாப் போயிருக்கா?"

கரையே சிரித்தது. அண்ணாச்சியும் கொஞ்சம் சிரித்தார். பிறகு முத்தையா குரலைத் தாழ்த்தி அவரிடம் சொன்னார்: "வெளிய சொல்லலாமா என்னமோ. நீங்க நாளைக்குப் பூனா போயிருவிய. உளி வச்சவன் வீட்டுல ஒரு ஆட்டுக்குட்டி செத்தாலும் இதுனாலன்னுதான் சொல்லுவாவ. நாங்கல்லா இங்கன கெடக்கணும்?"

அண்ணாச்சி கடைசியாக இசக்கியைக் கூப்பிட்டார். "ஏலே, இங்க வா. ஒன்னத் தாங்குன கல்லு. நீ வெட்டுனா எவனும் கேக்க மாட்டான். ஒரே ஒரு கோடு. ஒன் கையால."

இசக்கி உளியையும் சுத்தியலையும் வாங்கிக்கொண்டான். படியில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் தூணைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அண்ணாச்சியைப் பார்த்தான். இரண்டு பேரையும் புண்படுத்த அவனுக்கு மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு திரும்பி ஏறிவந்து, உளியையும் சுத்தியலையும் அரிவாளுக்குப் பக்கத்தில், தூணின் முன்னால் வைத்தான். வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

பேச்சியம்மாள் குலவையிட்டார். யாரோ மணியை அடித்தார்கள்.

அவனைப் பொறுத்தவரை அது நியாயமான முடிவுதான். அண்ணாச்சி கொடுத்ததையும் மறுக்கவில்லை, சாமியையும் தொடவில்லை. ஆனால் அந்தக் கணத்தோடு உளியும் சாமியின் ஆயுதமாகிவிட்டது. அண்ணாச்சி குனிந்து அதை எடுக்கப் போனார். முத்தையா மெதுவாக அவர் கையைப் பிடித்தார். "சாமிக்கு வச்சத எடுக்கலாமா அண்ணாச்சி?"

அன்று பகல் முழுக்க அவர் வீட்டில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் உதவினேன். எந்த ஆண்டைப் பொறிப்பது என்ற பேச்சை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஒரு பெட்டிக்குக் கயிறு இறுக்கும்போது மட்டும் சொன்னார்: "தாங்கும்யா. ஆயிரம் வருசம் தாங்கும். எண்ணெ போட்டு, கூரை போட்டு, யாரும் தொடாம பாத்துக்கிடுவானுவ. நான் கேட்டதுக்கு மேலேயே செய்யுதானுவ." முடிச்சைப் போட்டுவிட்டு, "எதுக்குன்னுதான் தெரியாது" என்றார்.

ஞாயிறு காலை நான் புறப்பட வேண்டும். மேற்கே மலையில் மறுபடியும் மேகம் கட்டியிருந்தது. கோமதி அக்கா குளத்துக்குப் போக வேண்டும் என்றார். அதிகம் நடக்க முடியாதவர்; ஆட்டோவில் கரையடி வரை போய், பிறகு எங்கள் இருவர் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறினார். பேச்சியம்மாள் ஓடிவந்து கை கொடுத்தார்.

"பேச்சி, நான் ஊருக்குப் போறேன். சாமிக்கு ஒரு பொட்டு வச்சுக்கிடட்டுமா?"

"இது என்ன கேள்வி மயினி? வைங்க."

கோமதி அக்கா கடைசிப் படியில் உட்கார்ந்தார். முந்தானையில் முடிந்திருந்த குங்குமத்தை எடுத்தார். தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு விரல் மேலே, தூணின் முதல் பட்டையில், இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தார். நேரான, நல்ல கோடு. பேச்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை.

"இந்தாங்க, வேற கையால விழுந்திருச்சு" என்றார் கணவரிடம்.

அண்ணாச்சி அதைக் குனிந்து பார்த்தார். பட்டாளத்துக்காரர் ஒரு மட்டத்தைச் சரிபார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "சரியா இருக்கு" என்றார். நாங்கள் அக்காவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்க்கவேண்டாம் என்று இருந்தேன், பார்த்தேன். கூரையில் விழுந்த மழை, தகர விளிம்பில் இருந்து நேராக அந்தப் பட்டையில்தான் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பிய பிறகு இதை எழுத உட்கார்ந்து, எழுத முடியாமல், எங்கள் குளக்கட்டுக்குப் போனேன். குளத்து மடையை நாங்கள் துருசு என்போம். அந்தத் துருசுக்குப் பக்கத்தில், மருதமரத்தடியில் எங்கள் பிள்ளையார் இருக்கிறார். தும்பிக்கை இல்லை, முகம் இல்லை, இடுப்புயரக் கல். தானாய் முளைத்தவர் என்பார்கள். எங்கள் ஊர் வரலாறு என்று நான் எழுதிவைத்திருப்பதில் அவருக்கு நேரே 'காலம் தெரியவில்லை' என்று இருக்கிறது. தேதி இல்லாத எதையும் நம்பாத நான், இவரை மட்டும் சிறு வயதிலிருந்து சுற்றிக் கும்பிட்டு வந்திருக்கிறேன்.

ஏன் துருசுக்குப் பக்கத்தில் முளைத்தார் என்று அன்றுதான் யோசித்தேன்.

குளத்துப் பக்கம் போய் நின்று, கல்லின் மேல் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு கனமாக இருந்தது. பாதியில் விரல் எதிலோ தடுக்கியது போலிருந்தது. கோடாக இருக்கலாம். வெடிப்பாகவும் இருக்கலாம். நகத்தால் பிசுக்கைக் கொஞ்சம் நீக்கினால் தெரிந்துவிடும்.

"ஐயா, என்ன செய்யிறீங்கள்? சாமியைச் சுரண்டாதேங்கோ" என்று பூசாரியார் பின்னாலிருந்து சொன்னார்.

"இல்லை, சும்மா" என்றேன். கையை எடுத்தேன். விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைக்கத் துணி தேடவில்லை. எல்லோரும் செய்வதுபோல, தலையில் தடவிக்கொண்டு வந்துவிட்டேன்.